மருந்து உயிரைக் காக்கிறது. போன பல்லுக்கு யார் பொறுப்பு?

மேற்கு வர்ஜீனியா என்பது அமெரிக்காவின் நிலக்கரிச் சீமை. மலையைக் குடைந்து கரி எடுக்கும் தொழிலாளியின் முதுகும் முழங்காலும் சீக்கிரமே தேய்ந்துபோகும் பிரதேசம். அந்த மாநிலத்தின் ஜனத்தொகை சுமார் 18 லட்சம். 2007 முதல் 2012 முடிய ஆறு வருஷங்களில் மருந்து மொத்த வியாபாரக் கம்பெனிகள் அங்கே கொண்டுபோய் இறக்கிய வலி மாத்திரைகள் 78 கோடி. கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு 433 மாத்திரை! கெர்மிட் என்று அங்கே ஒரு சிற்றூர். ஜனத்தொகை 392. அந்த ஊரின் ஒரே ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு வருஷத்தில் வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 90 லட்சம் மாத்திரைகள்.

இது வைத்தியமா, வியாபாரமா என்று நாம் விளக்க வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்.

இந்த மாத்திரைகள் அபின் வர்க்கத்தைச் சேர்ந்தவை. வலியை மறக்கடிக்கும், சில வாரங்களில் உடம்பையே தன் அடிமையாக்கும். பர்டூ பார்மா என்ற கம்பெனி 1996ல் ஆக்சிகான்டின் என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதனால் அடிமைத்தனம் ஏற்படும் அபாயம் குறைவு என்று டாக்டர்களிடம் பிரசாரம் செய்தது. அது பொய்ப் பிரசாரம் என்பதை 2007ல் கோர்ட்டில் அந்த நிர்வாகத்தின் கம்பெனியும் மூன்று பெரிய அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். 63 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டினார்கள். கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். 2020ல் பர்டூ மறுபடியும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

யார் அதிகமாகச் செத்தார்கள்? உடம்பை விற்றுப் பிழைப்பவர்கள்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2011 முதல் 2015 வரை இந்தப் போதையால் ஏற்பட்ட சாவுகளைத் தொழில்வாரியாகச் சுகாதார இலாகா கணக்கெடுத்தது. கட்டட வேலைக்காரர்களிடையே சாவு விகிதம் எல்லாத் தொழிலாளர்களின் சராசரியைப் போல ஆறு மடங்கு இருந்தது. காயம் பட்டால் சம்பளத்தோடு வீட்டில் படுத்திருக்க முடியாதவன் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளும் சாரத்தில் ஏறுகிறான். மாத்திரை கிடைக்காத நாளில் தெருவில் ஹெராயின் வாங்குகிறான். பிற்பாடு அதிலும் பென்டனில் என்ற கொடிய பொருள் கலந்தது. 2021ல் மட்டும் அமெரிக்காவில் இந்த வர்க்கப் போதையால் செத்தவர்கள் சுமார் 80,000 பேர்.

இந்த அடிமைத்தனத்துக்கு மருந்து இருக்கிறது. நாம் பேச வந்த விஷயம் அந்த மருந்தைப் பற்றியதுதான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மருந்து நல்ல மருந்து. அதைக் குறை சொல்ல நாம் பேனா எடுக்கவில்லை.

அரைச் சாவி

போதை வியாதிக்கான மருந்துகள் முக்கியமாக மூன்று: மெத்தடோன், புப்ரினார்பின், நால்ட்ரெக்சோன். இவற்றில் புப்ரினார்பினைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1966ல் இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் ரெக்கிட் கம்பெனியின் ஆராய்ச்சி சாலையில் உருவானது இது. ஆம், நம் வீட்டு டெட்டாலும், வேட்டிக்குப் போடும் ராபின் நீலமும் விற்கிற அதே ரெக்கிட்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. மூளையில் அபினுக்கென்று ஒரு பூட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெராயின் அந்தப் பூட்டை முழுக்கத் திறந்துவிடும் சாவி. புப்ரினார்பின் அரைச் சாவி. பூட்டுக்குள் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பாதிதான் திறக்கும். உடம்பின் தவிப்பு அடங்கும், தலை கிறுகிறுக்காது, ஆள் வேலைக்குப் போகலாம். இதையோ மெத்தடோனையோ ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களிடையே சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. பல நாடுகளில், பல வருஷங்களாக, திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது.

ஆனால் எந்த மருந்தும் சும்மா வேலை செய்வதில்லை. உடம்பிடமிருந்து கூலி வாங்கிக்கொண்டுதான் செய்கிறது.

புப்ரினார்பின் சாப்பிடுபவருக்கு மலச்சிக்கல், தலைவலி, குமட்டல், வியர்வை, தூக்கமின்மை வரலாம். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே அவசரப்பட்டு முதல் மாத்திரையைப் போட்டால், அது ஹெராயினைப் பூட்டிலிருந்து நெட்டித் தள்ளிவிடும். பல மணி நேரத்தில் வர வேண்டிய தவிப்பெல்லாம் ஒரே அடியாக வந்து ஆளைப் புரட்டியெடுக்கும். ஆகவேதான் தவிப்புத் தொடங்கும் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். சாராயத்தோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். மெத்தடோனில் மயக்கமும் வியர்வையும் மலச்சிக்கலும் உண்டு. கூடுதலாக, சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு பிசகும். இந்த எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2006ல் பெரிய எழுத்தில் போடச் சொன்னது.

மெத்தடோனுக்கு இன்னொரு பக்க விளைவு உண்டு. டாக்டர்கள் அதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. தினமும் விடியற்காலையில் மருந்து நிலையத்தின் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். குடித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகு வேலைக்கு ஓட வேண்டும். பல வருஷங்கள் அமெரிக்கத் தொழிலாளி இப்படித்தான் நின்றான். ஷிப்டுக்குப் பிந்தினால் சீட்டுக் கிழியும், வரிசையை விட்டால் மருந்து போகும். 2020ல் தொற்றுநோய் வந்தபோது மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். 2024ல்தான் அதை நிரந்தர விதியாக்கினார்கள். ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்குள் ஓடிய அனுபவம் உள்ள தோழர்களுக்கு இந்த வரிசையின் பாரம் சொல்லாமலே புரியும்.

பல்லின் கதை

புப்ரினார்பின் மாத்திரையை விழுங்கினால் பெரும்பகுதி ஈரலிலேயே அழிந்து வீணாகும். ஆகவே நாக்குக்கடியில் வைத்துக் கரைக்க வேண்டும். பத்து நிமிஷம் வரை வாயிலேயே ஊறும். தினமும். வருஷக்கணக்கில்.

இந்த மருந்து புளிப்புத் தன்மை கொண்டது. பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் என்ன ஆகிறது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். மேல்பூச்சு கரைந்து பளபளக்கும். சொம்புக்கு அது அழகு. பல்லுக்கு?

2022ம் வருஷம் ஜனவரி 12ந் தேதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வாயில் கரைக்கும் புப்ரினார்பினைச் சாப்பிட்டவர்களில் 305 பேருக்குப் பல் கேடு ஏற்பட்டதாகத் தன்னிடம் தகவல் வந்திருப்பதாகவும், அவற்றில் 131 கடுமையானவை என்றும் அது சொன்னது. சொத்தை, சீழ், பல் அரிப்பு. அதிகமாகச் செய்யப்பட்ட சிகிச்சை பல்லைப் பிடுங்குவது. 71 பேருக்கு அப்படிச் செய்தார்கள். முன்பு பல் தொந்தரவே இல்லாதவர்களும் இவர்களில் உண்டு. புகார் எழுதத் தெரிந்து, எழுதிப்போட்டவர்களின் கணக்குத்தான் இது என்பதை மறக்க வேண்டாம்.

அதே அறிக்கையில் இலாகா இன்னொன்றையும் சொன்னது: மருந்தின் நன்மை இந்தக் கேட்டைவிட மிகப் பெரியது, யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். அது சரியான வார்த்தை. நாமும் அதையே சொல்கிறோம்.

ஆனால் நமக்கு ஒரு கேள்வி உண்டு. இந்த மருந்து அமெரிக்காவில் போதை வியாதிக்கு விற்பனைக்கு வந்தது 2002ல். எச்சரிக்கை வந்தது 2022ல். இருபது வருஷம்! மாத்திரை கரைந்த பிறகு ஒரு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளித்து விழுங்குங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் முக்கிய யோசனை. இதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதுமே! காசு இல்லை, இயந்திரம் இல்லை, நிபுணர் இல்லை. இதைச் சொல்ல இருபது வருஷம் ஆயிற்று.

பல்லை இழந்தவர்கள் கம்பெனியின் மேல் போட்ட வழக்குகளை 2024 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்து மத்தியக் கோர்ட்டில் ஒன்றாகச் சேர்த்தார்கள். கம்பெனிக்கு எப்போது தெரியும், எவ்வளவு தெரியும் என்பது கோர்ட்டு விஷயம். அதில் நாம் முந்திக்கொள்ளவில்லை. கோர்ட்டில் ஏற்கெனவே முடிந்துபோன விஷயமே நமக்குப் போதும்.

குழந்தைகள் மேல் திடீர்ப் பாசம்

மருந்தின் ஏகபோக உரிமை ரெக்கிட் கம்பெனிக்கு 2009 வரை இருந்தது. அதன் பிறகு மற்றக் கம்பெனிகள் அதே மாத்திரையை மலிவாகச் செய்து விற்கலாம். மலிவுச் சரக்கு வருமுன் கம்பெனி ஒரு வேலை செய்தது. மாத்திரைக்குப் பதிலாக நாக்கில் ஒட்டும் மெல்லிய ஏடு ஒன்றை 2010ல் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது அதே மருந்து. ஆனால் ஏட்டுக்குப் புதிய பேட்டண்டு, புதிய ஏகபோகம்! எல்லோரையும் ஏட்டுக்கு மாற்றிவிட்டால் மலிவு மாத்திரையை வாங்க ஆளிருக்காது.

மாற்றுவது எப்படி? இங்கேதான் கம்பெனிக்குப் பக்க விளைவுகளின் மேல் திடீரென்று அக்கறை பிறந்தது. புட்டியில் இருக்கும் மாத்திரையைக் குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுக்கொள்கின்றன, தனித்தனி உறையில் வரும் ஏடு பத்திரமானது என்று 2012ல் முழங்கியது. தன் சொந்த மாத்திரையையே சந்தையிலிருந்து வாபஸ் வாங்குவதாக அறிவித்தது. மற்றவர்களின் மாத்திரைக்கும் அனுமதி தராதீர்கள் என்று சர்க்காருக்கு மனுப் போட்டது.

குழந்தைகள் தவறி வாயில் போடுவது நிஜமான ஆபத்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏடு மாத்திரையைவிடப் பத்திரமானது என்ற வாதம் நிற்கவில்லை. 2013 பிப்ரவரியில் இலாகா மனுவைத் தள்ளியது. இதில் வியாபாரச் சூழ்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள் என்று வேறொரு சர்க்கார் இலாகாவுக்கு அனுப்பியும் வைத்தது. 2014ல் ரெக்கிட் இந்த மருந்து வியாபாரத்தை இன்டிவியர் என்று தனிக் கம்பெனியாகக் கழற்றிவிட்டது. 2019ல் ரெக்கிட் 140 கோடி டாலர் கட்டி வழக்கிலிருந்து வெளியேறியது. 2020ல் இன்டிவியரின் கிளைக் கம்பெனி, குழந்தைகள் விஷயத்தில் ஏடு எவ்வளவு பத்திரம் என்பது பற்றி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏழைகள் வைத்தியத் திட்டத்துக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தீர்வுத் தொகை 60 கோடி டாலர். நிர்வாகத் தலைவராயிருந்த ஷான் தாக்ஸ்டர் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆறு மாதம்! ஒரு சிட்டிகை ஹெராயினோடு பிடிபடும் கறுப்பு இளைஞனுக்கு அந்த நாட்டில் எத்தனை வருஷம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் காட்டினால் லாபம் வரும் என்றபோது கம்பெனி நாடெல்லாம் கூவிற்று. இருக்கிற கேட்டைச் சொன்னால் செலவு வரும் என்றபோது நாட்டில் அமைதி நிலவிற்று. பக்க விளைவும் அங்கே ஒரு சரக்குத்தான். விலை போகிற நாளில் கடை விரிப்பார்கள்.

நால்ட்ரெக்சோன் கதையும் இதே ஜாதி. மாதம் ஒரு ஊசி. இது அபின் வர்க்க மருந்தே அல்ல. பூட்டை அடைத்துவிடும் மருந்து. ஆகவே ஜெயில் அதிகாரிகளுக்கும் போதை வழக்கு நீதிபதிகளுக்கும் இதன் மேல் ஒரு பிரியம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஊசி போட்ட காலத்தில் உடம்பு பழைய பழக்கத்தை மறந்துவிடும். ஊசி நின்ற பிறகு ஒருவன் மனம் தளர்ந்து பழைய அளவைப் போட்டுக்கொண்டால் உடம்பு தாங்காது, அங்கேயே சாவு. இந்த மருந்தின் ஆபத்துக்களில் தலையாயது இது. இந்த ஊசியை விவிட்ரால் என்ற பெயரில் விற்கும் ஆல்கெர்மஸ் கம்பெனி, பத்திரிகை விளம்பரத்தில் இந்த ஆபத்தைச் சொல்லாமல் விட்டதற்காக 2019 டிசம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் கண்டனக் கடிதத்தைப் பெற்றது.

இன்னொரு வேடிக்கை. ஆக்சிகான்டினை விற்ற பர்டூ கம்பெனியின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் சாக்லர். புப்ரினார்பினின் ஒரு புதிய வடிவத்துக்கு 2018 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் பேட்டண்டு வழங்கியது. கண்டுபிடித்தவர்களின் பெயர்களில் அவர் பெயரும் இருக்கிறது. வியாதியை விற்ற வீட்டிலேயே மருந்துக்கும் உரிமைப் பத்திரம்!

பல் செலவு யார் தலையில்?

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் வயதுவந்தவர்களின் பல்லைக் கவனிப்பதும் கவனிக்காததும் அந்தந்த மாநிலத்தின் இஷ்டம். அதாவது வாய் என்பது உடம்பில் சேர்ந்ததல்ல என்று தீர்மானித்திருக்கிறார்கள். சர்க்கார் தயவில் ஒருவன் போதையிலிருந்து மீளலாம். அந்த மருந்தால் பல் போனால் தன் கைக்காசைப் போட வேண்டும். காசில்லாவிட்டால் பொக்கை வாயோடு வேலை தேட வேண்டும். முன்பல் இல்லாதவனைப் பார்த்த மாத்திரத்தில் போதைக்காரன் என்று முடிவுகட்டும் முதலாளியிடம் அவன் என்ன விளக்குவான்? பல்லைத் தின்றது போதையல்ல, போதையிலிருந்து காப்பாற்றிய மருந்து என்றா?

இந்த இடத்தில்தான் ஒழுக்க உபதேசிகள் நுழைகிறார்கள். "பார்த்தீர்களா? ஒரு போதையை விட்டு இன்னொரு போதை. இதனால் பல்லும் போச்சு. மன உறுதியிருந்தால் மருந்து எதற்கு?" என்கிறார்கள். இந்தப் பேச்சு கம்பெனியின் பொய்யைவிட ஆபத்தானது. சர்க்கரை வியாதிக்காரனிடம் மன உறுதியால் இன்சுலினை விடு என்று எவரும் சொல்வதில்லை. மருந்தைத் திடீரென்று விட்டவர்களில் பலர் பழைய பழக்கத்துக்கே திரும்புகிறார்கள், பழைய அளவைத் தாங்க முடியாத உடம்போடு திரும்புகிறார்கள், அதனாலேயே சாகிறார்கள். பல் போனவன் பல் கட்டிக்கொள்ளலாம். செத்தவனுக்கு என்ன கட்டுவது?

இதனால் பக்க விளைவைச் சொல்லாமலிருந்தால் நல்லது, சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று சில நல்ல மனிதர்களே நினைக்கிறார்கள். நாம் இதை ஒப்பவில்லை. தொழிலாளியைக் குழந்தையாக நினைக்கும் புத்தி இது. மறைத்த விஷயத்தை அவன் தானே தன் வாயில் கண்டுபிடிக்கிறான். அன்றைக்கு மருந்தின் மேலும் டாக்டரின் மேலும் சேர்ந்தே நம்பிக்கை போகிறது. நம்பிக்கை போனால் மருந்து நிற்கிறது. முதல் நாளே சொல்லி, கையில் தண்ணீரையும் கொடுத்து, பல் டாக்டரின் நாற்காலியையும் பக்கத்தில் போட்டிருந்தால் அவன் ஏன் ஓடுகிறான்?

பஞ்சாபில்

கடல் தாண்டிய கதை என்று இதை ஒதுக்க முடியாது. டில்லி எய்ம்ஸ் நடத்தி மத்திய சர்க்கார் 2019ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் அபின் வர்க்கப் பொருள்களை உபயோகிப்பவர்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். இவர்களில் வைத்திய உதவி தேவைப்படுகிறவர்கள் ஏறத்தாழ 77 லட்சம். பஞ்சாபின் கோதுமை வயல்களில் பசுமைப் புரட்சிக் காலந்தொட்டே ஒரு வழக்கம் உண்டு. அறுவடை நாளில் கூலியாள் களைக்காமல் குனிந்து வேலை செய்யக் கசகசாக் காயின் தோலை இடித்த தூளை நிலச்சொந்தக்காரர்களே கொடுப்பார்கள். அங்கே அதன் பெயர் புக்கி. கூலியில் ஒரு பங்கு தானியம், ஒரு பங்கு போதை! சுரங்கத் தொழிலாளியின் வலி மாத்திரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று உறையில் வந்தது, மற்றது காகிதப் பொட்டலத்தில் வந்தது.

2017 அக்டோபர் முதல் பஞ்சாப் சர்க்கார் வெளிநோயாளர் மையங்கள் திறந்து மருந்து கொடுத்துவருகிறது. அங்கே கொடுப்பது புப்ரினார்பின் மாத்திரைதான். நலாக்சோன் என்ற மருந்தோடு சேர்த்துச் செய்தது. நாக்குக்கடியில் வைத்துக் கரைப்பதுதான். தினக்கூலிக்காரனும் லாரி டிரைவரும் சிறு விவசாயியும் அங்கே வருகிறார்கள். இது நல்ல ஏற்பாடு. இன்னும் பெருக வேண்டிய ஏற்பாடு.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். இந்த மருந்து கொடுக்கும் எந்த மையமானாலும், கொப்பளிக்கும் தண்ணீர் மாத்திரையோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்ச்சொல்லாகவே, அவர் பேசும் பாஷையிலேயே, எல்லா விளைவுகளையும் முதல் நாளே சொல்ல வேண்டும். மருந்து தொடங்குமுன் ஒரு முறையும் பிறகு அவ்வப்போதும் பல்லைப் பரிசோதிக்க வேண்டும். பல் கெட்டால் அந்த வைத்தியம் போதை வைத்தியத்தின் பகுதியாகவே இலவசமாக நடக்க வேண்டும். மருந்து விற்ற கம்பெனியிடம் அந்தச் செலவை வசூலிப்பதா என்பதைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளட்டும். கூலிக்காரன் தன் ஒரு நாள் கூலியை விட்டு மையத்துக்கு வர நேராதபடி, உடம்பு நிலைபெற்றவருக்கு மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

இப்போது இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தோழர் எவரேனும் இதைப் படித்தால், அல்லது படிக்கக் கேட்டால், அவருக்கு: மாத்திரை முழுக்கக் கரைந்த பின் ஒரு வாய் தண்ணீரைப் பல்லிலும் ஈறிலும் படும்படி மெல்லச் சுழற்றி விழுங்குங்கள். ஒரு மணி நேரம் பொறுத்துப் பல் துலக்குங்கள். பல் கூசினாலோ ஈறு வீங்கினாலோ டாக்டரிடம் இந்த மருந்தின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். டாக்டர் சொல்லாமல் மருந்தை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். மாத்திரையைக் குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில், மூடி போட்டு வையுங்கள்.